இடுப்பளவுத் தண்ணீர்

பழவேற்காடு ஏரியில் பெரும்பாலான இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. சராசரி ஆழம் ஒரு மீட்டர், அவ்வளவுதான். நீளமோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வடக்கே ஆந்திரத்தின் சூளூர்பேட்டை, தடா ஓரமாகப் படர்ந்து, தெற்கே நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிக்குப் பெயர் தந்த ஊரில் வந்து முடிகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். சென்னைக்காரர்கள் விடுமுறை வந்ததும் ஊட்டிக்கும் மணாலிக்கும் டிக்கெட் தேடி அலையும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஊருக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள் இப்படியொரு அதிசயம் கிடக்க, அதைத் தாண்டி எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்கத் தோன்றும்.

ஆழமில்லாத தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆழமில்லாததால்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஏரியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே வங்கக்கடல். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாகப் படுத்துக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா என்ற மணல் தீவு. அதன் தென்முனைக்கும் பழவேற்காட்டுக் கரைக்கும் இடையே ஒரு வாய் திறந்திருக்கிறது. அதுதான் முகத்துவாரம். தெற்கில் ஆரணி ஆறும், வடமேற்கில் காளங்கியும், வடக்கில் சொர்ணமுகியும் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டினால் ஏரித்தண்ணீரில் உப்பே இருக்காது. சித்திரை, வைகாசியில் அதே தண்ணீர் வெயிலில் சுண்டிக் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். பரப்பும் அப்படித்தான். நிறைந்தால் 450 சதுர கிலோமீட்டர், வற்றினால் 250. ஒரே ஆண்டுக்குள் நன்னீராகவும் கொடும் உப்பாகவும் மாறும் இந்தத் தண்ணீரில் எது பிழைக்கும் என்று யோசித்தால், பிழைக்கத் தெரிந்ததெல்லாம் கொழித்து வளர்கிறது. மடவை, கொடுவா, கெளுத்தி, கிழங்கான், வெள்ளை இறால், களிநண்டு என்று பெயர்களை அடுக்கும்போதே எனக்கு வாய் ஊறுகிறது.

இறாலின் கதை ஒன்று போதும். அது முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் நுழைந்து ஏரிக்குள் வருகின்றன. ஆழமில்லாத, சேறும் தீனியும் நிறைந்த தண்ணீரில் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பிச் சில மாதம் வளர்கின்றன. பருவம் வந்ததும், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, மறுபடி கடலை நோக்கிப் புறப்படுகின்றன. அப்போது முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டியவனுக்குத்தான் யோகம்.

அப்படியானால் அந்த நல்ல இடம் யாருக்கு? வலுத்தவனுக்கா, பணம் படைத்தவனுக்கா? இங்கேதான் பழவேற்காட்டு மீனவர்களை நினைத்து நான் பூரித்துப் போகிறேன். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. மீன் அதிகம் விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். ஊரில் கணக்கில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகள் கூடி, யாருக்கு எப்போது எந்தப் பாடு என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சுமாரான இடத்துக்கு நகர வேண்டும், சுமாரான இடத்தில் இருந்தவர் நல்ல இடத்துக்கு வருவார். ஊர்களும் முறை வைத்துக்கொள்கின்றன. கழிகளை நட்டு வட்டமாகச் சுத்து வலை கட்டுவதால் இரண்டு பேர் ஒரே இடத்தில் வலைபோட முடியாது, அதனால் இந்த ஒழுங்கு இல்லாமல் ஒரு நாளும் நகராது. உலகெங்கும் இருந்து மீன்வள ஆராய்ச்சியாளர்கள் வந்து இந்த முறையைப் படித்து எழுதியிருக்கிறார்கள். இதில் இடமில்லாதவர்களும் ஏரியைச் சுற்றி வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைக்கட்டுக் கணக்கில் வராத சமூகத்தார் தங்களுக்கும் பங்கு கேட்டு நெடுநாளாகப் போராடி வருகிறார்கள். அந்தக் கோரிக்கையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கடலோரத்தில் போட்டியும் பொறாமையும் வெட்டுக்குத்தாக மாறுவதைப் பார்த்த கண்ணுக்கு, ஒரு பொது நீரைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கம் பெரும் நாகரிகமாகத் தெரிகிறது.

வலையும் படகும் இல்லாதவர்கள் இருளர் பெண்கள். அவர்கள் இறால் பிடிப்பதைப் பார்க்காமல் பழவேற்காட்டைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். பனையோலையில் முடைந்த பறி என்ற கூடை. அதன் வாயில் கட்டிய கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கூடை முதுகுப்பக்கமோ மார்புப்பக்கமோ தொங்க, தண்ணீரில் குந்தியபடி நகர்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் தடவிக்கொண்டே போகின்றன. விரலில் இறால் பட்டதும் ஒரு சின்ன அமுக்கு. கை மேலே வருகிறது, இறால் பறிக்குள் விழுகிறது, கை மறுபடி சேற்றுக்குள். தலையைத் திருப்புவதில்லை, பேசுவதில்லை, ஏனென்றால் வாயில் கயிறு. ஒரு அக்கா கரையேறியதும், "கெளுத்தி முள்ளு குத்தாதா?" என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் தழும்பு. "குத்தும் சார். அதுக்குன்னு கையைத் தண்ணில வைக்காம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் பறியைக் கவிழ்த்தார். துள்ளித் தெறித்த இறால்கள் வெயிலில் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் இருந்தால் இந்தப் பிழைப்பே கிடையாது.

விடிந்ததும் படகுத்துறைக்குப் போய்விட வேண்டும். ஏலச் சத்தம் காதைப் பிளக்கும். மீன்காரம்மாக்கள் அன்னக்கூடையோடு முட்டி மோதி விலை கேட்பார்கள். நான் மெய்மறந்து நிற்பது நண்டு கட்டும் இடத்தில். களிநண்டின் கொடுக்கில் விரல் மாட்டினால் எலும்பு நொறுங்கும். கட்டுகிற ஆளோ வெறுங்காலால் அதன் ஓட்டை மெல்ல மிதித்து அழுத்திக்கொண்டு, நைலான் கயிற்றை ஒரு கொடுக்கைச் சுற்றி, மறு கொடுக்கைச் சுற்றி, ஓட்டின் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டுவிடுகிறார். கண்ணிமைக்கும் நேரம். கட்டிய நண்டு உயிரோடு கூடைக்குப் போகிறது, அங்கிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்கிறது. அந்த ஊர் ஓட்டல்களில் மிளகு போட்டுப் பரிமாறும் நண்டுகளில் பழவேற்காட்டுச் சேற்றில் வளர்ந்ததும் உண்டு.

இனி பறவைகள். நவம்பர் முதல் மார்ச் வரை அண்ணாமலைச்சேரிப் பக்கம் போங்கள். விடியற்காலையில் ஏரியின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். முதலில் அது வெளிச்சத்தின் வேலை என்றுதான் நினைப்பீர்கள். தொலைநோக்கியில் பார்த்தால் அத்தனையும் பூநாரை! ஆயிரக்கணக்கில், நல்ல ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கில். கிட்டத்தட்ட ஐந்தடி உயரம் உள்ள பறவை, பாதி உயரம் கால். அந்தக் காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது. பிறகு நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக்கி, அலகைத் தண்ணீரில் வைத்து நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற பற்களில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடுகின்றன. அந்தத் தீனியில் உள்ள நிறமிதான் இறகுக்கு ஏறிச் சிவப்பாகிறது. ஆக, நாம் பார்க்கும் அந்த அழகு இந்தச் சேற்றிலிருந்து எழுந்தது. இவை இந்தியாவில் முக்கியமாகக் குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. அங்கிருந்து இவ்வளவு தூரம் பறந்து வருவதற்குக் காரணம், கால் ஊன்றி நின்று மேயத் தோதான ஆழம். ஏரி இன்னும் ஒரு மீட்டர் ஆழமாக இருந்திருந்தால் ஒரு பூநாரையும் இங்கே இறங்கியிருக்காது.

கூட்டம் ஒரே வீச்சில் எழும்பும்போது பாருங்கள். நிற்கும்போது வெளுத்துத் தெரிந்த பறவை, சிறகை விரித்ததும் உள்ளே மறைத்து வைத்திருந்த செந்நிறமும் கறுப்பும் வானம் முழுக்கத் தெறிக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அதற்காகக் கை தட்டியோ ட்ரோன் பறக்கவிட்டோ கிளப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கண்டம் தாண்டி வந்த உள்ளான்களும் ஆலாக்களும் அதே தண்ணீரில் பசியாறிக்கொண்டிருக்கின்றன. கூழைக்கடாக்களைப் பக்கத்தில் பார்க்க ஆசையிருந்தால் எல்லை தாண்டி ஆந்திரத்து நேலப்பட்டு சரணாலயத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்.

ஊருக்குள் நுழைந்தால் சரித்திரம் தெருத்தெருவாகக் கொட்டிக் கிடக்கிறது. விஜயநகர காலத்தில் இது பெரிய துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் அவர்கள் விட்டுச்சென்றது. 1610இல் டச்சுக்காரர்கள் வியாபார உரிமை பெற்றார்கள். இரண்டே ஆண்டில் போர்ச்சுக்கீசியர் அவர்களுடைய கிட்டங்கியைத் தாக்க, 1613இல் கோட்டை எழும்பியது. பெயர் கெல்ட்ரியா. டச்சுத் தலைமை நிர்வாகி வெம்மர் ஃபான் பெர்கெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து, அதையொட்டி வந்த பெயர். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடிக்கல் விழுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இந்தச் சின்ன ஊர்! 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அப்படித்தான் இருந்தது.

கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது, ஆழம் போதாது. அவை வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, நம் ஊர்ப் படகுகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. என்ன சரக்கு? முதலில் துணி. இங்கே நெய்தும் சாயமேற்றியும் அனுப்பிய துணியைக் கொடுத்துத்தான் டச்சுக்காரர்கள் மொலுக்கஸ் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். கட்டம் போட்ட பழவேற்காட்டுக் கைலி மலாய் நாட்டுக் கடைத்தெருவரை இந்த ஊர்ப்பெயரிலேயே போனது. அடுத்து வெடிமருந்து. இங்கிருந்த ஆலையில் தயாரித்த வெடிமருந்துதான் ஆசியா நெடுகிலும் டச்சுப் பீரங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பஞ்ச காலங்களில் பெற்ற பிள்ளையையும் தம்மையும் விற்றுக்கொண்ட மக்கள் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் டச்சுக்காரர்களின் பட்டேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

கோட்டை இன்று வெறும் மேடு. சுற்றிலும் அகழியின் தடம், மேலே முட்புதர், காலில் இடறும் செங்கல். ஆனால் கல்லறைத்தோட்டம் நிற்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே போனதும் குனிந்து கல்லைத் தடவிப் பாருங்கள். எழுத்துகள் குழியாக வெட்டப்படவில்லை, சுற்றிலும் செதுக்கி எழுத்தை மேடாக நிறுத்தியிருக்கிறார்கள். நானூறு ஆண்டு உப்புக்காற்று அடித்தும் விரலால் படிக்க முடிகிறது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு வணிகர்களும் அவர்களுடைய மனைவிமாரும் கைக்குழந்தைகளும் படுத்திருக்கும் இடம் அது. ஊரைவிட்டு இத்தனை தொலைவு வந்து இங்கே மண்ணானவர்கள்.

பழவேற்காட்டுச் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு போதகர். அபிரகாம் ரோஜெரியஸ் என்று பெயர். 1632 முதல் 1642 வரை இந்தக் கோட்டையில் பாதிரியாக இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து பேசிப் பேசி இங்குள்ளவர்களின் சமயத்தையும் வாழ்க்கையையும் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சதகங்களைப் பத்மநாபன் விளக்கிச் சொல்ல, இவர் டச்சில் எழுதிக்கொண்டார். அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அந்தப் புத்தகம் வெளிவந்தது. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கிய மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்கிறார்கள். பீரங்கிக்கு மருந்து இடித்துக்கொண்டிருந்த அதே ஊரில், இரண்டு பேர் திண்ணையிலோ அறையிலோ உட்கார்ந்து கவிதை பேசியிருக்கிறார்கள்! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஊரில் அவர்கள் இருவருக்கும் ஒரு கல்லாவது நட வேண்டும்.

செம்பூராங்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போனால் நிதானமாகச் சுற்றுங்கள். கையகலச் சிற்பங்களில் ராமாயணம் ஓடுகிறது, அவசரப்பட்டால் கண்ணில் படாது. முஸ்லிம் தெருக்களில் பழைய ஓட்டுவீடுகள், சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம். சில வீடுகளில் அரபுத்தமிழ் ஏடுகளைப் பெரியவர்கள் இன்னும் பொத்திப் பாதுகாக்கிறார்கள். அந்தத் தெருப் பெண்கள் சாயம் தோய்த்த பனையோலையில் முடையும் பெட்டிகளையும் கிலுகிலுப்பைகளையும் வாங்காமல் நான் திரும்பியதில்லை. பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பத்துக்கும் போய்விடுங்கள். 1859இல் விளக்கு ஏற்றிய இடம் அது. ஒரு பக்கம் கடல் இரைகிறது, மறுபக்கம் ஏரி அசையாமல் கிடக்கிறது. நடுவில் உள்ள மணலில் நடந்தே இரண்டுக்கும் போய் வரலாம்.

ராக்கெட் விடும் நாளில் வந்தால் அதிர்ஷ்டம். 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி என்ற சிறு ராக்கெட்டில் தொடங்கி, 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3 வரை எல்லாம் இந்த ஏரிக்கு அந்தப் பக்கத்து மணல் தீவிலிருந்துதான் எழும்பின. அன்றைக்கு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிடுவார்கள், குப்பமே கரையில் கூடிவிடும். முதலில் வெளிச்சம்தான் வரும், சத்தம் நிதானமாக ஏரியைத் தாண்டி வந்து நெஞ்சில் இடிக்கும். பிள்ளைகள் கத்திக்கொண்டே மணலில் ஓடுவார்கள், நானும் கத்துவேன்.

இந்தப் பெருமையெல்லாம் ஒரு மணல்திட்டைப் பொறுத்திருக்கிறது. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டால் கடல் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. நடுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: "வாய அடைச்சிக்கினா ஏரிக்கு மூச்சு முட்டிப் பூடும் தம்பி. அப்பறம் நமக்கும்தான்." முன்பெல்லாம் ஊரே மண்வெட்டியோடு போய் வாய் வெட்டிவிட்ட நாள்கள் உண்டாம். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தபின் கரையோர மணலின் போக்கே மாறிவிட்டது என்பது குப்பங்களின் நெடுநாள் முறையீடு. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கத் தமிழக அரசு சுமார் 27 கோடி ரூபாயில் இருபுறமும் கல்சுவர் எழுப்பும் வேலையைக் கையில் எடுத்தது. அது நல்லபடியாக நிலைக்க வேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன். பூநாரை பார்க்க வருகிற ஒவ்வொருவரும் முகத்துவாரம் எப்படி இருக்கிறது என்று மீனவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குப் போனால் நலம் கேட்காமல் வருவோமா?

போகும் வழி சுலபம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து இருக்கிறது. முதல் ரயிலைப் பிடியுங்கள், வெயில் ஏறிவிட்டால் பறவைகள் கானல் அலையில் கரைந்துவிடும். கரையில் யாராவது படகுச் சவாரிக்குக் கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. ஏரி ஆழமில்லாததுதான், ஆனால் முகத்துவாரத்து நீரோட்டம் அப்படியல்ல. கரையிலிருந்தே பார்க்க ஒரு நாள் போதாத அளவுக்கு இருக்கிறது. மதியத்துக்கு ஊருக்குள் மீன்குழம்புச் சாப்பாடு கிடைக்கும், மடவை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கொழுப்பேறிய மடவையைப் புளி தூக்கலாக விட்டு மண்சட்டியில் வைத்த குழம்புக்கு ஈடாக இந்தக் கடற்கரையில் நான் வேறொன்றும் சாப்பிட்டதில்லை. படகுத்துறையில் காலையிலேயே மீன் வாங்கிவிடுவீர்கள், அது நிச்சயம். அதனால் கிளம்பும்போதே ஐஸ் பெட்டி ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.